ஆளுக்கேற்ற படகு

(பழைய மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"வேலையைப் பத்தி எல்லாருமே பேசறாங்க, நீ வேற ஏதாவது பேசு" என்று செயலாளர் உத்தரவு போட்டுவிட்டார். எனவே நான் வசிக்கும் சியாட்டில் பக்கத்தில், விடுமுறை நாட்களில் நான் கடலில் ஓட்டும் கயாக் என்ற சிறு படகைப் பற்றிப் பேசப் போகிறேன். நம் உடம்புக்கும் திறமைக்கும் ஏற்ற கயாக்கை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதுதான் பொருள்.

"பொழைப்புக்குப் போன எடத்துல படகு எதுக்குடா?" என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்கிறது. காரணம் இருக்கிறது. நம் பிள்ளைகள் சியாட்டில், வான்கூவர், ஸ்காட்லாந்து, நார்வே என்று போகிறார்கள். போன முதல் கோடையிலேயே யாராவது ஒரு நண்பர் "வா, கயாக் போகலாம்" என்று கூப்பிடுவார். நாமும் போவோம். அந்த ஊர்க் கடலில் பல இடங்களில் கோடையில்கூடத் தண்ணீர் 13 டிகிரியைத் தாண்டாது. அங்கே பொருந்தாத படகில் உட்காருவது விளையாட்டுக் காரியம் அல்ல.

முதலில் கயாக் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். நம் கட்டுமரத்தில் தண்ணீர் மேலே ஏறி மரங்களுக்கு இடையே வழிந்துவிடும். கயாக் நேர் எதிர். மேல்பக்கம் முழுக்க மூடியிருக்கும். நடுவில் ஒரு குழி. அதில் காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு பக்கமும் அலகுள்ள துடுப்பால் தள்ள வேண்டும். குழிக்கும் இடுப்புக்கும் நடுவே தண்ணீர் புகாமல் ஒரு பாவாடை மாதிரித் துணி கட்டிக்கொள்வோம். முன்னும் பின்னும் தடுப்புச் சுவர் வைத்த காற்றறைகள் இருக்கும். அதனால்தான் படகு கவிழ்ந்தாலும் முழுகுவதில்லை.

இதைக் கண்டுபிடித்தவர்கள் ஆர்க்டிக் பகுதி வேட்டைக்காரர்கள். கடலில் ஒதுங்கிய மரத்தில் சட்டம் கட்டி, சீல் தோலைப் போர்த்திச் செய்தார்கள். அவர்களுக்கு அளவுகோல் சொந்த உடம்புதான். கிரீன்லாந்தில் சொல்லப்படும் ஒரு கணக்கு இது: நீளம், கைகளை விரித்த அளவில் மூன்று மடங்கு, அகலம், இடுப்போடு இரண்டு முஷ்டி, ஆழம், ஒரு முஷ்டியும் நீட்டிய கட்டைவிரலும். அஞ்சரை அடி ஆளுக்குப் போட்டுப் பாருங்கள், நீளம் சுமார் 16½ அடி வரும். இன்று கடைகளில் விற்கும் கடல் கயாக்குகள் பலவும் 16, 17 அடிதான்!

1959-இல் கிளாஸ்கோவைச் சேர்ந்த கென் டெய்லர் என்ற மாணவர் மேற்கு கிரீன்லாந்துக்குப் போய், அங்கே கட்டிய ஒரு கயாக்கை ஸ்காட்லாந்துக்குக் கொண்டுவந்தார். அதன் அளவுகள் வரைபடமாயின. அதிலிருந்து 'அனஸ் அக்யூட்டா' முதலான பிரிட்டிஷ் கடல் கயாக்குகள் பிறந்தன. பிறகு ஃபைபர் கிளாஸ் அச்சு வந்தது, பிளாஸ்டிக் வந்தது. தையல்காரரிடம் அளவு கொடுத்துத் தைத்த சட்டை ரெடிமேட் சட்டையாகிவிட்ட கதைதான். அச்சில் வார்த்த படகுக்கு உங்களைத் தெரியாது. பொருத்தம் பார்க்கும் பொறுப்பு இப்போது வாங்குகிறவர் தலையில்.

இங்கேதான் நம் வழக்கம் குறுக்கே வருகிறது. "வளர்ற பையன், ரெண்டு சைஸ் பெரிசாவே தைங்க" என்று யூனிஃபார்ம் தைத்துப் போட்டு வளர்ந்தவர்கள் நாம். படகு விஷயத்திலும் பெரிசாக இருந்தால் பத்திரம் என்று மனசு சொல்லும். அது சரியா என்று நம் ஹைட்ராலிக்ஸ் லேபைக் கேட்போம்.

மிதக்கும் பெட்டியில் எடையை நகர்த்தி மெட்டாசென்டர் கண்டுபிடித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? நாம் எடுத்த ரீடிங் எப்படி வந்ததென்று இப்போது கேட்க வேண்டாம்! சூத்திரம் மட்டும் போதும். நிலைத்தன்மையைத் தருவது நீர்மட்டப் பரப்பின் இரண்டாம் திருப்புத்திறன். அதில் அகலம் மும்மடிப் பெருக்கமாக வரும். ஒரே வடிவப் படகில் 22 அங்குலத்தை 24 ஆக்கினால் அந்த மதிப்பு சுமார் 30 சதவீதம் கூடுகிறது. இரண்டே அங்குலம்தான். புதிதாக ஓட்டுகிறவருக்கு 23, 24 அங்குலமும், பழகியவருக்கு 21, 22-உம் பொருந்துவது இதனால்தான்.

"அப்படின்னா 28 அங்குலமே வாங்கிடலாமே?" கூடாது. அகலமான, தட்டையான படகு எப்போதும் நீர்ப்பரப்புக்கு இணையாக நிற்கப் பார்க்கும். குளத்தில் அது நல்ல குணம். கடலில் பக்கவாட்டில் அலை வந்தால் நீர்ப்பரப்பே சாய்கிறது, படகும் கூடவே சாயும். அளவான அகலமுள்ள படகு முதலில் கொஞ்சம் ஆடும், உட்கார்ந்தவுடன் பயமாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு கோணம் வரை சாய்ந்ததும் தாங்கி நிற்கும். கடைக்காரர்கள் முதல் நிலைத்தன்மை, இரண்டாம் நிலைத்தன்மை என்று சொல்வது இதைத்தான்.

அடுத்தது எடை. 90 கிலோ ஆளுக்கு வடிவமைத்த படகில் 60 கிலோ ஆள் உட்கார்ந்தால் என்ன ஆகும்? நீர்மட்டப் பரப்பு சுமார் ஒன்றரை சதுர மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டால், படகு 2 செ.மீ. மேலே மிதக்கும். "ப்பூ, ரெண்டு சென்டிமீட்டர்தானே!" என்று தள்ளிவிடாதீர்கள். கயாக் தண்ணீருக்குள் இறங்கியிருப்பதே ஏறத்தாழ 10, 12 செ.மீ.தான். அதில் ஐந்தில் ஒரு பங்கு போனால் தண்ணீரில் பிடிப்பு குறையும், காற்றுக்குக் காட்டும் பரப்பு கூடும். காற்று படகைத் தன் இஷ்டத்துக்குத் திருப்பும், நாம் ஒரே பக்கமாகத் துடுப்புப் போட்டுத் தோள் வலித்துக் களைத்துப்போவோம். நம் ஊர் ஆண் பெண் பலரும் 50, 60 கிலோக்காரர்கள். வாடகைப் படகுகளோ பெரிய உடம்புக்கும் சேர்த்துச் செய்தவை. அதனால் இந்தத் தொல்லை நமக்குத்தான் அதிகம். ஒரே மாடலைச் சில கம்பெனிகள் எல்.வி., எம்.வி., எச்.வி. என்று மூன்று கொள்ளளவில் செய்கிறார்கள். சிறிய உடம்புக்காரர்கள் எல்.வி.யைக் கேட்டு வாங்குங்கள், வெட்கப்பட வேண்டாம்.

நீளம் கூடினால் வேகம் கூடும் என்பார்கள். உண்மைதான், ஆனால் யாருக்கு? நீர்க்கோட்டு நீளம் 14 அடி என்றால் உச்ச வேகம் சுமார் 5 நாட். 16 அடிக்கு சுமார் 5.4. சாதாரண ஆள் மணிக்கணக்கில் தள்ளுவது 3, 3½ நாட்தான். அந்த வேகத்தில் தண்ணீரின் உராய்வே பெரும் தடை. நீண்ட படகில் நனையும் பரப்பு அதிகம். பலம் குறைந்தவருக்கு நீளம் சுமையாகிவிடலாம்.

கடைக்குப் போனால் தரையிலேயே படகில் உட்காருங்கள். அரை மணி நேரம் உட்காருங்கள், கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை. பாதம் மிதிகட்டையில் பதிய வேண்டும். முழங்கால் லேசாக மடங்கித் தொடை மேல்பலகையைத் தொட வேண்டும். இடுப்புக்கு இருபுறமும் ஒரு விரல், இரண்டு விரல் இடம் போதும். கால் மரத்துப்போனால் அந்தப் படகு வேண்டாம். பாட்டில் மூடி மாதிரி இறுக்கமாக இருந்தாலும் வேண்டாம், தலைகீழாக நிற்கும்போது தடையில்லாமல் வெளியே வர வேண்டும். கடைசியாக, தூக்கிப் பாருங்கள். பிளாஸ்டிக் படகு 25 கிலோவுக்கு மேல் இருக்கும். காரில் ஏற்ற முடியாத படகு வீட்டில்தான் கிடக்கும்.

இனி திறமை. கெட்டிக்காரர் ஓட்டும் ஒல்லிப் படகை வாங்கினால் கெட்டிக்காரர் ஆகிவிடலாம் என்ற நினைப்பு வேண்டாம். பயத்தில் உடம்பை விறைப்பாக வைத்துக்கொண்டு எதையும் கற்க முடியாது. முதலில் வாடகைக்கு எடுத்து ஓட்டுங்கள். வகுப்பில் சேருங்கள். கவிழ்ந்த படகிலிருந்து வெளியே வருவது, நண்பர் உதவியோடு திரும்ப ஏறுவது, தனியாக ஏறுவது, இந்த மூன்றும் நீச்சல்குளத்தில் கைவந்த பிறகு சொந்தப் படகைப் பற்றி யோசியுங்கள். அப்போது உங்களுக்கு எது பொருந்தும் என்று உங்கள் இடுப்பே சொல்லும்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன்? குளிர்நீர் பற்றி ஆராய்ந்த கனடாவின் கார்டன் கீஸ்பிரெக்ட் சொல்லித்தந்த கணக்கு 1-10-1. பனிபோல் குளிர்ந்த நீரில் விழுந்தால், மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம். கைகால் சொன்னபடி கேட்பது சுமார் 10 நிமிடம். நினைவு தப்புவது ஏறக்குறைய 1 மணி நேரத்தில். நம் காரியம் எல்லாம் அந்தப் பத்து நிமிடத்துக்குள் முடிய வேண்டும். படகு பெரிதாகி, காற்று அதை இழுத்துக்கொண்டு போனால் அந்தப் பத்து நிமிடம் படகைத் துரத்துவதிலேயே போய்விடும். ஆகையால் உயிர்காப்புச் சட்டை உடம்பில் இருக்கட்டும், படகில் அல்ல. உடுப்பு வெயிலுக்கு ஏற்றதாக வேண்டாம், தண்ணீருக்கு ஏற்றதாக இருக்கட்டும். நீரோட்ட அட்டவணையைப் பாருங்கள். சியாட்டிலுக்கு வடக்கே டிசெப்ஷன் பாஸ் என்ற குறுகிய நீர்வழியில் ஓட்டம் 8 நாட் வரை போகும். நம்முடைய 3 நாட் அங்கே எம்மாத்திரம்?

தம்பி தங்கைகளே, நாளைக்கு ஒரு குளிர்ந்த கரையில் யாராவது உங்களுக்கு ஒரு படகைக் காட்டி "ஏறு" என்றால், மறுக்கவும் வேண்டாம், உடனே ஏறவும் வேண்டாம். "என் எடைக்கு இது சரியா? கவிழ்ந்தால் யார் என்னைத் தூக்குவது?" என்று இரண்டு கேள்வி கேளுங்கள். பதில் திருப்தியாக இருந்தால் ஏறுங்கள். தண்ணீர் மட்டத்தில் உட்கார்ந்து, பத்தடி தள்ளி ஒரு சீல் தலையைத் தூக்கி நம்மைப் பார்ப்பதைப் பார்க்கும் சந்தோஷம் இருக்கிறதே, அது வேறு எந்த வண்டியிலும் கிடைக்காது. வரும்போது சொல்லிவிட்டு வாருங்கள். உங்கள் அளவுக்கு ஒரு படகு பார்த்து வைக்கிறேன்.