இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை

(கரையான்சாவடியில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இங்கிருந்து பெரியார் பெயர் தாங்கிய நெடுஞ்சாலையில் நேராகப் போனால் கீழ்ப்பாக்கம் மருத்துவமனை, அதைத் தாண்டினால் ஜி.எச். விபத்தோ பக்கவாதமோ வந்தால் நம் மக்கள் அங்குதான் ஓடுகிறார்கள். அங்கே உயிரைக் காப்பாற்றியும் விடுகிறார்கள். சிக்கல் அதற்குப் பிறகுதான். தொண்டையில் ஒரு குழாய், மூக்கில் ஒரு குழாய், சிறுநீருக்கு ஒரு குழாய். அதோடு "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்கிறார்கள். அந்தப் படுக்கைக்கு அடுத்த நோயாளி காத்திருக்கிறார். மருத்துவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

அமெரிக்காவில் இத்தகையோருக்கென்றே தனி வகை மருத்துவமனைகள் உண்டு. நோயாளிகள் சராசரியாக 25 நாளுக்கு மேல் தங்க வேண்டும் என்பது அவற்றுக்கான வரையறை. எத்தனை பேருக்குப் படுக்கைப்புண் வந்தது, குழாய் வழியாக எத்தனை பேருக்குத் தொற்று, எத்தனை பேர் வென்டிலேட்டரிலிருந்து மீண்டார்கள் என்பதை வைத்துத் தரத்தை அளந்து வெளியிடுகிறார்கள். அங்கும் கோளாறு உண்டு. முழுப் பணம் கிடைக்கும் நாள் வரை வைத்திருந்து அனுப்புவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அதை நாம் அப்படியே எடுத்துவர வேண்டியதில்லை. கணக்கு கேட்கும் பழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம்.

இங்கே 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கே வருகிறார்கள். வரவேற்கிறோம். அவர்கள் போன பிறகு? படுக்கைப்புண் வராமலிருக்க, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். ஒரு நாளைக்கு 12 முறை. அதற்கு அந்த வீட்டுப் பெண் வேலையை விட வேண்டும். ஒருவர் படுத்தால் இரண்டு பேர் கூலி போகிறது.

மருத்துவமனையில் இந்த வேலை யார் தலையில்? மலம் துடைப்பதும் படுக்கையைச் சுத்தம் செய்வதும் பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளர்கள், அதிலும் நம் தெருப் பெண்கள். நேற்று 'தீட்டு' என்று ஒதுக்கிய வேலைக்கு இன்று 'திறனற்ற வேலை' என்று பெயர். சாதி என்பது வேலையை மட்டும் பிரிப்பதில்லை, வேலை செய்பவர்களையே பிரிக்கிறது என்று 1936-இல் அண்ணல் அம்பேத்கர் விளக்கினார். வார்டுக்குள் போய்ப் பாருங்கள், புரியும்.

எனவே நம் கோரிக்கைகள் மூன்று. பூந்தமல்லி, ஆவடி போன்ற இடங்களின் அரசு மருத்துவமனைகளில் நீண்டநாள் பராமரிப்புக்குத் தனி வார்டு வேண்டும். படுக்கைப்புண், தொற்றுக் கணக்கை ஒவ்வொரு மருத்துவமனையும் வெளியிட வேண்டும். பராமரிப்புப் பணியாளருக்குப் பயிற்சியும் நிரந்தரப் பணியும் தர வேண்டும். அந்தக் கைகளுக்கு மரியாதை தராமல் சிகிச்சையின் தரத்தைப் பேச முடியாது.

ஜெய்பீம்.