எந்தக் குழுவில் இருக்கிறீர்கள்?

(தாம்பரத்தில் நடைபெற்ற இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



சென்ற மாதம் ஒரு தம்பி கலங்கிய கண்களோடு வந்தார். தாயாருக்கு அறுவை சிகிச்சை. அவசரமாக ஓ நெகட்டிவ் ரத்தம் தேவை. அவரது செல்போனில் 43 வாட்ஸ்அப் குழுக்கள்! எல்லாவற்றிலும் செய்தி போட்டார். கைகூப்பும் படங்கள் வந்தன. ரத்தம் கொடுக்க ஒருவரும் வரவில்லை. கடைசியில் வந்தது யார்? குரோம்பேட்டையில் ரத்ததானத்திற்காகவே இயங்கும், 60 பேர் மட்டுமே உள்ள ஒரு சிறிய குழுவைச் சேர்ந்த இருவர்!

"இத்தனை குழுவில் இருந்தும் பயனில்லையே ஹஜ்ரத்" என்றார்.

ஏன் இந்த நிலை? அந்த 43 குழுக்களில் ஒன்றைக்கூட அவர் தேடிச் சேரவில்லை. யார் யாரோ சேர்த்துவிட்டார்கள், இருந்துவிட்டார். ஒரு சட்டை வாங்க நான்கு கடை ஏறி இறங்கும் நாம், தினமும் பல மணி நேரத்தைக் கொடுக்கும் குழுவைத் தேர்ந்தெடுக்க யோசிப்பதில்லையே!

சரியான குழு என்ன செய்யும்? சிட்லபாக்கம் ஏரியைப் பாருங்கள். குப்பையாலும் கழிவுநீராலும் பாழான ஏரி. 'சிட்லபாக்கம் ரைசிங்' என்ற பெயரில் ஒன்றுசேர்ந்த குடியிருப்போர், 2019 வறட்சியில் தாங்களே இறங்கித் தூர்வாரினர். பிறகு ஏரியைச் சீரமைக்க அரசும் 25 கோடி ரூபாய் ஒதுக்கியது.

தவறான குழு என்ன செய்யும்? 2018 மே மாதம் வாட்ஸ்அப்பில் பிள்ளை பிடிப்பவர்கள் பற்றிய வதந்தி பரவியது. போளூர் அருகே அத்திமூரில், கோவிலுக்குச் சென்ற ஒரு மூதாட்டியைக் கும்பல் அடித்தே கொன்றது. குழந்தைகளுக்கு அவர் சாக்லெட் கொடுத்ததுதான் சந்தேகத்திற்குக் காரணம்! அந்த வதந்தியைப் பரப்பியவர்கள் யார்? "எதற்கும் அனுப்பி வைப்போம்" என்று விரலால் தட்டிய நம்மைப் போன்றவர்கள்தாம். சிந்தித்துப் பாருங்கள்!

எப்படித் தேர்ந்தெடுப்பது?

முதலில், உங்களுக்கு என்ன வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். போட்டித் தேர்வா, மாடித் தோட்டமா, கிரிக்கெட்டா, ரத்ததானமா? ஃபேஸ்புக்கில் அதை ஊர்ப் பெயரோடு சேர்த்துத் தேடுங்கள். வாட்ஸ்அப் குழுவுக்கோ உள்ளே இருப்பவரின் அழைப்பு வேண்டும். எனவே நூலகத்திலும் மைதானத்திலும் அந்த வேலையைச் செய்பவரிடமே கேளுங்கள்.

சேர்ந்தபின் ஒரு மாதம் கவனியுங்கள். கேட்ட கேள்விக்குப் பதில் வருகிறதா? வதந்தி வந்தால் குழுவை நடத்துபவர் கண்டிக்கிறாரா? உறுப்பினர்கள் நேரில் சந்திக்கிறார்களா? இல்லையென்றால் வெளியேறுங்கள். பணமும் வங்கி விவரமும் கேட்டால் அந்த நிமிடமே வெளியேறுங்கள்.

அறிமுகம் இல்லாதவர் உங்களைச் சேர்க்காமல் தடுக்கவும் வழி உண்டு. வாட்ஸ்அப்பின் தனியுரிமை அமைப்பில், உங்களைக் குழுக்களில் யார் சேர்க்கலாம் என்பதை மாற்றுங்கள்.

நமது குடியிருப்புக்காரர்கள் மட்டுமே உள்ள குழுக்களோடு நின்றுவிடவும் வேண்டாம். 2015 டிசம்பர் பெருமழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. முடிச்சூரில் புகுந்த வெள்ளம் யார் வீடு என்று கேட்டா புகுந்தது? மீட்கச் சென்றவர்களும் கேட்கவில்லை. ஏரி, ரத்தம், கல்வி இவை எல்லோருக்கும் பொதுவானவை.

அந்தத் தம்பி 39 குழுக்களிலிருந்து வெளியேறிவிட்டார். ரத்ததானக் குழுவில் 61ஆவது ஆளாகச் சேர்ந்து, தாம்பரத்தில் யாருக்கு ரத்தம் தேவை என்றாலும் ஓடுகிறார்.

இன்றிரவு உங்கள் செல்போனை எடுத்து எண்ணிப் பாருங்கள். எத்தனை குழுக்களில் இருக்கிறீர்கள்? அவற்றில் எத்தனை பேருக்கு நீங்கள் உதவியிருக்கிறீர்கள்?