காலில் குண்டு பாய்ந்தவர் வென்ற தங்கம்

(ஸ்ரீரங்கத்தில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய விளையாட்டு விழாவில் பேசியது)



சச்சின் நாக் என்ற பெயரைக் கேள்விப்பட்டவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம். ஒருவரும் இல்லை. வெட்கப்பட வேண்டாம். அவர் வாழ்ந்த கல்கத்தாவில் கேட்டாலும் அதிகம் பேர் கை தூக்க மாட்டார்கள். ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியாவுக்கு முதல் தங்கப் பதக்கம் வாங்கிக் கொடுத்த மனிதர் அவர்.

1920-ம் வருஷம் காசியில் பிறந்தார். கங்கைக் கரைப் பையன். நம்முடைய அம்மா மண்டபம் படித்துறையில் சொருகு அடிக்கிற பையன்களைப் போலத்தான். அவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். 1930-ல் சுதந்திரப் போராட்டக் கூட்டத்தில் போலீஸ் தடியடி நடத்தியது. பத்து வயதுப் பையன் ஓடிப் போய் கங்கையில் குதித்தான். அந்த நேரம் ஆற்றில் ஒரு நீச்சல் பந்தயம் நடந்துகொண்டிருந்தது. பையன் அந்தக் கூட்டத்தோடு கூட்டமாக நீந்திக் கரையேறினான்; பார்த்தால் மூன்றாவதாக வந்திருக்கிறான்! தடியடியால் கிடைத்த நன்மை அது ஒன்றுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு கல்கத்தா போய் ஹாட்கோலா கிளப்பில் சேர்ந்தார். நன்றாகத் தேறினார். 1947-ல் கல்கத்தாவில் மதக் கலவரம். இந்துவும் முஸ்லிமும் வெட்டிக்கொண்ட காலம். அதில் இவருடைய வலது காலில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. மாதக்கணக்கில் ஆஸ்பத்திரிவாசம். மறுபடி நீந்த இரண்டு வருஷமாவது ஆகும் என்று வைத்தியர்கள் சொன்னார்களாம்.

காலுக்கு என்ன, நீச்சலுக்குக் கைதானே முக்கியம் என்று நினைப்பீர்கள். காவிரியில் இறங்கிப் பாருங்கள். கையை மட்டும் வீசினால் இடுப்புக்குக் கீழே உடம்பு முழுகும். முழுகின உடம்பைக் கை இழுக்க வேண்டியிருக்கும். சுமை ஏற்றின வண்டியை ஒற்றை மாடு இழுப்பதைப் போல. கால் விடாமல் உதைத்துக்கொண்டே இருந்தால்தான் உடம்பு நீரின் மேலே பலகை மாதிரி நிற்கும். அந்தக் காலில் குண்டு பாய்ந்த மனிதர் 1948-லேயே லண்டன் ஒலிம்பிக்கில் நீந்தினார். தண்ணீர்ப் பந்து அணியிலும் ஆடினார்.

1951 மார்ச் மாதம் டில்லியில் முதல் ஆசியப் போட்டி. நூறு மீட்டர் பந்தயம். சச்சின் நாகுக்கு வயது முப்பது. நீச்சல்காரனுக்கு அது இளமை அல்ல. 1 நிமிஷம் 4.7 வினாடியில் முதலாவதாகக் கையை வைத்தார். தண்ணீர்ப் பந்திலும் இந்தியா தங்கம் வென்றது. அந்த அணியிலும் இவர் இருந்தார்.

அதற்குப் பிறகு? 2023-ல் சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசியப் போட்டி வரையில், நீச்சல் பந்தயத்தில் இன்னொரு தங்கம் இந்தியாவுக்குக் கிடைக்கவில்லை. 1986-ல் சியோலில் கஜான் சிங் வெள்ளி வாங்கினார். 2010-லும் 2014-லும் வெண்கலம். எழுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, தோழர்களே! கங்கையும் காவிரியும் ஓடுகிற தேசத்தில் நீந்தத் தெரிந்த பிள்ளைகளுக்கா பஞ்சம்? தினம் நாலைந்து மணி நேரம் பயிற்சி வேண்டும். ஐம்பது மீட்டர் குளம் வேண்டும். சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும். பால், முட்டை, இறைச்சி வேண்டும். மில்லில் இரவு ஷிப்டு முடித்து வருகிறவர் வீட்டுப் பிள்ளைக்கும், நாற்று நடப் போகிற தாயின் பிள்ளைக்கும் இதில் எது கிடைக்கும்? ஊர்க் குளத்தில் இறங்கக் கூடாது என்று விரட்டப்பட்டவர்களும் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

சச்சின் நாக் பதக்கத்தோடு நிற்கவில்லை. ஹாட்கோலாவில் ஒரு சிறுமிக்கு நீச்சல் கற்றுக் கொடுத்தார். ஆரத்தி சாகா. இரண்டரை வயதில் தாயை இழந்த குழந்தை. 1952-ல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் நீந்தியபோது அவளுக்குப் பதினோரு வயது!

1959-ல் அந்தப் பெண் இங்கிலீஷ் கால்வாயை நீந்தக் கிளம்பினாள். செலவுக்குப் பணம் இல்லை, பலரிடம் திரட்டினார்கள். ஆகஸ்ட் 27-ம் தேதி இறங்கினாள். வழிகாட்டும் படகு தாமதமாக வந்தது. இங்கிலாந்துக் கரை நெருங்கிய நேரத்தில் எதிர் நீரோட்டம் பிடித்துக்கொண்டது. தோல்வி. ஊருக்குத் திரும்பவில்லை. ஒரு மாதம் காத்திருந்து செப்டம்பர் 29-ம் தேதி மறுபடியும் இறங்கினாள். பிரான்சில் இறங்கி இங்கிலாந்தில் கரையேற 16 மணி 20 நிமிஷம். ஆலைத் தோழர்களுக்குக் கணக்குப் புரியும்: இரண்டு முழு ஷிப்டு, மேலே இருபது நிமிஷம், குளிர்ந்த உப்புத் தண்ணீரில்!

கால்வாயின் குறுகிய அகலம் 21 மைல்தான். அவள் நீந்தியதோ 42 மைல். வெள்ளம் ஓடும்போது காவிரியில் இறங்கினவன் எதிரே நேராகக் கரையேற முடியாதல்லவா, அதே கதைதான். இங்கிருந்து தஞ்சாவூரைத் தாண்டிப் போகிற தூரம். ஆசியப் பெண்களில் முதல்முதலாக அதைக் கடந்தவள் அவளே. 1960-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 1994-ல் மஞ்சள் காமாலை கண்டு காலமானார். 1999-ல் தபால்தலையும் வந்தது.

சிஷ்யைக்குக் கௌரவம் செய்தார்கள், நல்லது. குருவுக்கு? சச்சின் நாக் 1987 ஆகஸ்டில் இறந்தார். உயிரோடு இருந்தவரையில் தேசிய விருது ஒன்றும் வரவில்லை. தியான் சந்த் விருது 2020-ல் அறிவித்தார்கள். அவர் பிறந்து நூறு வருஷம், இறந்து முப்பத்து மூன்று வருஷம் கழித்து. வாங்கிக்கொள்ளக் குடும்பத்தார்தான் இருந்தார்கள். செத்தவருக்குக் கொடுத்தால் பென்ஷன் கொடுக்க வேண்டியதில்லை அல்லவா!

நம் ஊர் விஷயம் ஒன்று சொல்லி முடிக்கிறேன். திருச்சி அண்ணா விளையாட்டரங்கில் நீச்சல்குளம் இருக்கிறது. கட்டணம் கட்டினால் நீந்தலாம். கட்ட முடியாத நம் பிள்ளைகள் கொள்ளிடத்தில் மணல் அள்ளின குழி எங்கே என்று தெரியாமல் இறங்குகிறார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரத்தில் இரண்டு நாள் அந்தக் குளத்தில் இலவசமாக நீச்சல் சொல்லிக் கொடுக்க வேண்டும், பெண் பிள்ளைகளுக்குப் பெண் பயிற்சியாளர் போட வேண்டும் என்று கலெக்டருக்கு மனு எழுதியிருக்கிறோம். பந்தலுக்கு வெளியே மேஜையில் இருக்கிறது. கையெழுத்துத் தெரியாதவர்கள் கைநாட்டு வைக்கலாம்; மை இருக்கிறது.