சோறு இருந்தும் பெலன் இல்லையே, ஏன்?

(எஹலியகொட தோட்டமொன்றில் தாய்மார் கூட்டத்தில் நாங்கள் பேசியதன் எழுத்து வடிவம்)



"மூணு நேரமும் சோறுதான் சாப்பிடுறோம், ஆனா மலையேற முடியல, காலெல்லாம் எரியுது, வீங்குது" என்று சில பேர் எங்களிடம் சொல்கிறார்கள். இரத்தக் குறைவாக இருக்கலாம், வேறு நோயாகவும் இருக்கலாம். டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் சோறு வயிற்றில் இருந்தும் அது பெலனாக மாறாமல் போகிற நோய் ஒன்று உண்டு. பெரிபெரி என்று பெயர்.

பெக்டரியில் வேலை செய்தவர்களுக்கு இது லேசாக விளங்கும். ரோலரில் அரைத்த கொழுந்தைப் பரப்பி வைத்தால் பச்சை போய்ச் செம்பு நிறம் வருகிறதே, அது கொழுந்துக்குள்ளேயே இருக்கும் நொதியம் செய்யும் வேலை. நம் உடம்பிலும் நொதியங்கள்தான் சோற்றைப் பிரித்துப் பெலனாக்குகின்றன. இவற்றில் பலவற்றுக்குத் தனியாக வேலை ஓடாது. பக்கத்தில் ஒரு சின்னக் கையாள் வேண்டும். அதுதான் துணைநொதியம்.

சோற்றுக்கு வேண்டிய முக்கியமான கையாள் விற்றமின் பி1, அதாவது தயமின். உடம்பு அதோடு இரண்டு பொஸ்பேற்றுக்களைச் சேர்த்துத் துணைநொதியமாக்கிக் கொள்கிறது. அது இல்லாவிட்டால் சோறு பாதிவழி உடைந்து நின்றுவிடும், லக்டிக் அமிலம் தேங்கும். ஓய்வே இல்லாத இருதயமும் நரம்பும்தான் அடிவாங்கும். ஒரு நாளைக்கு வேண்டியது ஒரு மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேல். ஆனால் உடம்பிலுள்ள சேமிப்பு இரண்டு மூன்று கிழமைக்குத்தான் காணும்.

தயமின் இருப்பது அரிசியின் தவிட்டில். வெள்ளை வெளேரென்று தீட்டினால் தவிட்டோடு போய்விடும். நெல்லை அவித்தால் அது அரிசிக்குள் இறங்கிவிடும், பிறகு தீட்டினாலும் கணிசமாக மிஞ்சும்.

இதை உலகத்துக்குக் காட்டியதில் நம்ம ஆட்களுக்கும் பங்கு உண்டு. மலாயாவில் வெள்ளைப் பச்சையரிசி தின்ற சீனத் தொழிலாளர் பெரிபெரியில் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். அதே நாட்டில் வேலை செய்த தமிழருக்கு அது அரிதாகவே வந்தது. அவர்கள் தின்றது புழுங்கலரிசி என்று டாக்டர் பிராடன் 1907-இல் எழுதினார். 1905-இல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் பிளெச்சர் நோயாளிகளை இரண்டாகப் பிரித்துச் சோறு கொடுத்துப் பார்த்தார். வெள்ளை அரிசிப் பக்கம் 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் பக்கம் ஒருவரும் சாகவில்லை. கேட்கவே மனசு பதறுகிற பரீட்சைதான்.

இன்றைக்கு எங்களுக்குப் பயம் இரண்டு வீடுகளைப் பற்றி. ஒன்று, கசிப்பு குடித்துவிட்டுச் சாப்பிடாமல் படுக்கும் மனுஷன் இருக்கிற வீடு. சாராயம் தயமினை உடம்பில் சேரவிடாது. அவர் தள்ளாடுகிறார், கண் ஒரு மாதிரி ஓடுகிறது, பேச்சுக் குழம்புகிறது என்றால் "வெறிதானே" என்று விட்டுவிடாதீர்கள். மூளை பாதிக்கப்பட்டிருக்கலாம். அன்றைக்கே ஊசி போட்டால் காப்பாற்றலாம்.

மற்றது பிள்ளை பெத்த வீடு. பத்தியம் என்று தாய்க்கு வெறும் வெள்ளைச் சோறும் ரசமும் கொடுத்தால் பாலிலும் தயமின் குறையும். இரண்டு மூன்று மாதப் பிள்ளைக்குக் குரல் கம்மி, மூச்சு வாங்கி, திடீரென்று உயிருக்கே ஆபத்தாகலாம். மாமியார்மார் கோபிக்க வேண்டாம், அந்தத் தாய்க்குப் பருப்பு, பயறு, முட்டை கொடுங்கள்.

கடையில் நாட்டரிசியோ தீட்டாத சிவப்பரிசியோ கேட்டு வாங்குங்கள். நாலைந்து தண்ணீர் கழுவ வேண்டாம், கஞ்சியை வடித்து ஊற்றவும் வேண்டாம். கடும் சாயத் தேத்தண்ணியைச் சாப்பாட்டோடு குடிக்காமல் ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். கால் வீங்கி மூச்சும் வாங்கினால் மிட்வைப் அம்மாவிடம் சொல்லி அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.