கேள்வி கேட்பது பழி சுமத்துவதாகாது

நம்மில் பலர் பயன்படுத்தும் லிப்ரே ஆபீஸ், 2010-இல் ஓப்பன் ஆபீஸிலிருந்து பிரிந்தது. அதை நடத்தும் டாக்குமென்ட் ஃபவுண்டேஷன், 2012-இல் பெர்லினில் நிறுவப்பட்ட லாப நோக்கமற்ற அறக்கட்டளை. நன்கொடையே அதன் பலம். லிப்ரே ஆபீஸை உருவாக்குவோரில் தன்னார்வலர்களும் உண்டு. அது தொடர்பான சேவையை விற்கும் நிறுவனங்களின் ஊழியர்களும் உண்டு. அவர்கள் இயக்குநர் குழுவுக்கும் தேர்வாகலாம்.

நன்கொடைப் பணத்தில் ஒரு வேலையை வெளியே கொடுக்கிறார்கள். வேலை கேட்கும் நிறுவனத்தின் ஊழியரே, கொடுப்பவர் வரிசையிலும் இருந்தால்? இதுதான் நலன் முரண். அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனாலும் அந்த ஒரு முடிவில் அவர் வாக்களிக்கலாகாது.

இதை எப்படி எழுப்புவது? நான் சொல்வது மூன்று. ஆளைப் பற்றிப் பேசாமல், முடிவைக் குறிப்பிடுங்கள். முடிவெடுக்கும் முன்பே எழுத்தில் கொடுங்கள். அவர் விலகியிருந்தார் என்பதைக் கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள்.

நம் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் இந்த நிலை வரலாம். வெள்ளையடிக்கும் வேலை ஓர் உறுப்பினரின் தம்பிக்குப் போகிறது என்றால், கூட்டத்துக்கு முன்பே தலைவரிடமும் தலைமையாசிரியரிடமும் கேளுங்கள். பணம் கொடுத்தபின் கேட்டால் சண்டையாகும். முன்பே கேட்டால், பள்ளியின் பெயரும் அந்த உறுப்பினரின் பெயரும் சேர்ந்தே காக்கப்படும்.