மூன்று படிக்குப் பதினெட்டு அடி

போன மாதம் என் அம்மாவைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து ஓர் அலுவலகத்துக்கு அழைத்துப்போனேன். வாசலில் மூன்று படி, பக்கத்திலேயே சாய்தளம். நல்லவேளை என்று தள்ளினேன். பாதி ஏறியதும் நாற்காலி பின்னுக்கு இழுத்தது. அம்மா இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டு, "விட்டுடாதப்பா" என்றார். மூன்று படியின் உயரம் ஒன்றரை அடி. சாய்தளத்தின் நீளமோ ஆறு அடிகூட இல்லை.

ஓர் அடி ஏறுவதற்கு 12 அடி நீளம் வேண்டும் என்பது நம் தேசியக் கட்டட விதித்தொகுப்பின் கணக்கு. அங்கே 18 அடி இருந்திருக்க வேண்டும்.

இந்தத் தொகுப்பு முதலில் வந்தது 1970-இல். பிறகு 1983, 2005, 2016 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்டது. வெளியிடுவது இந்திய தர நிர்ணய அமைவனம், ஐ.எஸ்.ஐ. முத்திரை தருகிற அதே அமைப்பு. திருத்துவதெல்லாம் பொறியாளர்கள் பாடு என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். அப்படி ஒதுங்க வேண்டியதில்லை. பொதுவாகத் தரவிதியின் வரைவை முதலில் மக்கள் பார்வைக்கு வைக்கிறார்கள். கருத்துச் சொல்லக் கால அவகாசமும் தருகிறார்கள். அதற்குள் யாரும் கருத்து அனுப்பலாம். வருகிற கருத்துகளை அமைவனத்தின் துறைக்குழு பரிசீலித்த பிறகே விதி இறுதியாகும். வரைவு வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். இன்ன விதி மாற வேண்டும் என்று அமைவனத்துக்கு எழுதலாம். சென்னை தரமணியிலேயே அதன் அலுவலகம் இருக்கிறது.

எழுதுவதற்கு ஒரு முறை உண்டு. "சாய்தளங்கள் மோசம்" என்று எழுதினால் அது ஆதங்கத்தோடு நின்றுவிடும். எந்தப் பிரிவு, அதில் இப்போது என்ன இருக்கிறது, என்னவென்று மாற்ற வேண்டும், ஏன் மாற்ற வேண்டும் — இந்த நான்கையும் எழுதுங்கள். மாற்று வாசகத்தை நீங்களே எழுதித் தருவது முக்கியம். அளந்த அளவும் எடுத்த புகைப்படமும் உங்கள் பக்கம் பேசும்.

அதற்கு முன்பு ஒன்றைப் பார்த்துவிடுங்கள். குறை விதியிலா, கட்டியதிலா? தேசியத் தொகுப்பு ஒரு வழிகாட்டிதான். மாநில விதிகளில் இடம்பெறும்போதுதான் அது கட்டாயமாகிறது. தமிழ்நாட்டில் 2019-இல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் நடைமுறையில் உள்ளன. விதி இருந்தும் மீறியிருந்தால், மனு போக வேண்டிய இடம் உங்கள் மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சி. விதியிலேயே இல்லையென்றால்தான் அமைவனம்.

அம்மாவுக்காக நான் தேடியபோது, விதி சரியாகவே இருந்தது; கட்டியவர்கள்தான் அதைக் கைவிட்டிருந்தார்கள். என் மனு உள்ளாட்சிக்குப் போயிருக்கிறது. உங்கள் வீட்டுப் பெரியவர் தடுமாறும் படி எது, கதவு எது? அடுத்த முறை அங்கே போகும்போது ஓர் அளவு நாடாவையும் எடுத்துப்போங்கள்.