முயலின் கண்

காலையில் தலைக்குக் குளிக்கும்போது ஷாம்பு ஒரு துளி கண்ணில் பட்டால் என்ன செய்வோம்? தண்ணீரைத் தேடித் தடவுவோம். அந்தத் துளியை முயலின் கண்ணில் விட்டு, தலையை அசைக்க முடியாதபடி பெட்டியில் பூட்டி, நாள்கணக்கில் பார்த்துக் குறிப்பெடுத்தார்கள். 1944-இல் அமெரிக்காவின் ஜான் டிரெய்ஸ் வகுத்த சோதனை அது. ஏன் முயல்? அதற்குக் கண்ணீர் குறைவு. விட்டது சுலபமாகக் கழுவிக்கொண்டு போகாது.

வேண்டுமென்று செய்த கொடுமை என்றும் சொல்லிவிட முடியாது. 1930-களில் அங்கே இமைச் சாயம் பூசிக்கொண்டு பார்வையே போனவர்கள் உண்டு. அப்படி மறுபடி நேராதிருக்கத்தான் இந்தச் சோதனை.

1980-இல் ஹென்றி ஸ்பைரா என்ற பள்ளி ஆசிரியர், இந்த முயல் சோதனை பற்றி ரெவ்லான் என்ற அழகுசாதன நிறுவனத்தைக் கேள்வி கேட்டு நியூயார்க் டைம்ஸில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தார். வாத்தியார் கேள்வி அல்லவா, பதில் வந்தது! மாற்றுவழி காண ராக்பெல்லர் பல்கலைக்கழகத்துக்கு 7,50,000 டாலர் தருவதாக அந்த ஆண்டே ரெவ்லான் அறிவித்தது.

உயிர்காக்கும் மருந்தென்றால் நானும் சற்று யோசிப்பேன். உதட்டுச் சாயத்துக்கு ஒரு முயலின் கண்ணா? அநியாயம்தான். அழகுசாதனப் பொருள்களை விலங்குகளிடம் சோதிப்பதை இந்தியா 2014-லேயே தடைசெய்துவிட்டது.